கொழுந்துக்குள் போகும் காற்று

இங்கிலாந்தில் கலாநிதிப் பட்ட ஆராய்ச்சிக்கு இடமும் புலமைப்பரிசிலும் கிடைத்திருக்கிறது என்ற தந்தி வந்த வாரம், ஜெனீரா தன் மகள் மர்லியாவுக்குப் பால் மறக்கடித்துக்கொண்டிருந்தாள். 1974ஆம் வருடம். குழந்தை ஒரு பக்கம் அழ, தந்தியைக் கையில் வைத்துக்கொண்டு இவள் ஒரு பக்கம் அழுதாள். சந்தோஷமா துக்கமா என்று அவளுக்கே தெரியவில்லை.

இலங்கை மலைநாட்டில், பண்டாரவளை கடைத்தெருவில் புடவைக்கடை இத்ரூஸின் மனைவி என்றால் எல்லாருக்கும் அவளைத் தெரியும். பேராதனைப் பல்கலைக்கழகத்தில் பொறியியல் படித்து, அங்கேயே உதவி விரிவுரையாளராக இருப்பவள் என்றால், "பொம்பளப் புள்ளைக்கு அது என்னத்துக்கு?" என்று கேட்பார்கள். அவளுடைய துறை பாய்ம இயக்கவியல். தாய் ரஹ்மத்தும்மா ஒருநாள் அதற்கு அர்த்தம் கேட்டபோது, "தண்ணியும் காத்தும் எப்படி ஓடுது எண்டு பாக்கிறது உம்மா" என்றாள்.

"ஓடுறது அதும்பாட்டுக்கு ஓடிட்டுப் போகட்டுமே. அத நீ ஏன் நிண்டு பாக்கணும்?" என்று கேட்டார் ரஹ்மத்தும்மா.

வாப்பா உயிரோடு இருந்த காலத்தில் அவர்களுக்கு ஒரு இரும்புக்கடை இருந்தது. தேயிலைத் தோட்டங்களுக்குக் குழாயும் இயந்திரப் பட்டியும் கொண்டுபோய்க் கொடுக்கும் லொறியில் சின்ன வயதில் அவளும் ஏறிக்கொள்வாள். கணக்கில் கெட்டிக்காரி. வாப்பா படிக்க விட்டார். பேராதனை வகுப்பில் அவளையும் சேர்த்து இரண்டே பெண்கள். பட்டம் வாங்கிய பிறகு கல்யாணம். வார நாட்களில் உம்மாவோடும் குழந்தையோடும் பேராதனையில் வாடகை வீடு, கடை லீவு நாட்களில் இத்ரூஸ் ரயிலேறி வருவார். இப்படி ஓடிக்கொண்டிருந்த வாழ்க்கைக்குள்தான் தந்தி வந்தது.

விஷயத்தைக் கேட்டதும் ரஹ்மத்தும்மா தலையில் கை வைத்தார். "பால் மறக்காத புள்ளைய விட்டுட்டா? சனம் என்ன பேசும்?"

கடை லீவுக்கு வந்திருந்த இத்ரூஸ் மறுநாள் காலை தேநீர் குடித்துக்கொண்டிருக்கும்போது பேச்சைத் தொடங்கினார்.

"பல்கலைக்கழகத்தில நிரந்தரமாகணுமெண்டா இந்தப் பட்டம் வேணும்தானே?"

"வேணும். ஆனா அதுக்காக மட்டும் இல்ல."

"தெரியும்." அவர் கோப்பையைக் கீழே வைத்தார். "பத்து வருஷம் கழிச்சு நீ ஒரு மூலையில இருந்துகொண்டு, அண்டைக்குப் போயிருந்தா எண்டு நெனச்சு நெனச்சு மாயுறத என்னால பாக்க ஏலாது ஜெனீரா. சனம் பேசுறத நான் பாத்துக்கொள்றேன். நீ போ."

செப்டம்பரில் அவள் போனாள். கட்டுநாயக்கா விமான நிலையத்தில் மர்லியா இத்ரூஸின் தோளில் தூங்கிக்கொண்டிருந்தாள். எழுப்ப வேண்டாம் என்று ஜெனீராவே சொல்லிவிட்டாள்.

வட இங்கிலாந்தில் பழைய ஆலைகள் நிறைந்த ஒரு நகரம். அங்கிருந்த பல்கலைக்கழகத்தில் அவளுக்கு வழிகாட்டியாக அமைந்தவர் பேராசிரியர் பார்ட்டன். மெலிந்து உயர்ந்த மனிதர், அளந்துதான் பேசுவார். வளைந்த குழாய்க்குள் தண்ணீர் எப்படிச் சுழல்கிறது என்பதுதான் அவர் கொடுத்த தலைப்பு. கண்ணாடிக் குழாய்களைப் பொருத்தி, சாயம் விட்டு, படம் எடுத்து, ஒரு வருடம் அதிலேயே கிடந்தாள். ஆய்வுகூடத்துக்கும் அறைக்கும் இடையில் உள்ள தெருவைத் தவிர அந்த ஊரில் வேறெதையும் பார்க்கவில்லை. ஓட்டம் ஒரு வேகத்தைத் தாண்டும்போது ஒரு ஜோடிச் சுழல் இரண்டு ஜோடியாகப் பிரிவதைக் கண்டுபிடித்தாள். அதை எழுத உட்கார்ந்த சமயத்தில் பார்ட்டன் ஒரு சஞ்சிகையோடு அவள் அறைக்கு வந்தார்.

"இதைப் படித்துவிடுங்கள்" என்றார். முகம் சரியில்லை.

வேறொரு நாட்டில், இவர்களைவிடப் பெரிய கருவிகளோடு, வேறு சிலர் அதே பரிசோதனையைச் செய்து முடித்திருந்தார்கள். அதே சுழல். அதே பிரிவு. எல்லாம் அச்சில் வந்துவிட்டது.

"அப்போ என்னுடையது?"

"உங்களுடையதும் சரி. ஆனால் புதிதில்லை. கலாநிதிப் பட்டத்துக்குப் புதிது வேண்டும். இதுவரை செய்ததற்கு ஒரு படி கீழே, முதுமாணிப் பட்டம் தரலாம். அதை வாங்கிக்கொண்டு நீங்கள் ஊருக்குப் போனால் யாரும் குறை சொல்ல மாட்டார்கள். அல்லது புதிதாக ஒரு கேள்வியோடு வாருங்கள்."

அடுத்து வந்த வாரங்களைப் பற்றி ஜெனீரா பிற்காலத்தில் அதிகம் பேசியதில்லை. குழந்தையை விட்டு வந்தது இதற்காகவா என்ற கேள்வி சாப்பிடும்போதும் தொழும்போதும் கூடவே இருந்தது என்று மட்டும் சொல்லியிருக்கிறாள்.

அவளோடு ஆய்வுகூடத்தில் வேலை செய்த ஒரு பெண்ணின் அப்பாவுக்கு ஊருக்கு வெளியே பண்ணை இருந்தது. இவள் முகத்தைப் பார்த்துவிட்டு அந்தப் பெண் ஒரு ஞாயிற்றுக்கிழமை இவளை அங்கே அழைத்துப் போனாள். அறுவடையான பார்லியைக் களஞ்சியத்தில் குவித்து, அடியிலிருந்து ஒரு பெரிய விசிறி காற்றை ஊதிக்கொண்டிருந்தது. ஜெனீரா கையை நீட்டி, தானியத்துக்குள்ளால் மேலே வரும் காற்றைத் தொட்டுப் பார்த்தாள். அப்படியே நின்றுவிட்டாள். வாப்பாவின் லொறியில் போய் இறங்கிய தேயிலைத் தொழிற்சாலைகளின் மாடி அவளுக்கு ஞாபகம் வந்தது. பறித்த கொழுந்தை அரைப்பதற்கு முன்னால் அங்கே பரப்பி வாட்டுவார்கள். இப்போதெல்லாம் அதற்கு நீளமான தொட்டிகள் வந்துவிட்டன. தொட்டிக்கு நடுவே வலை, வலைமேல் கொழுந்து, ஒரு முனையில் விசிறி. விசிறி ஊதும் காற்று வலைக்குக் கீழே ஓடி, கொழுந்துக்குள்ளால் மேலே வரும்.

திங்கட்கிழமை பார்ட்டனிடம் போனாள்.

"தானியத்தை உலர்த்துவது பற்றி நூறு பேர் எழுதிவிட்டார்கள்" என்றார் அவர்.

"தானியம் அப்படியே இருக்கும். இலை அப்படி இல்லை. வாட வாடச் சுருங்கும், ஒன்றோடொன்று ஒட்டும். காற்றுப் போகிற வழியே மாறும். வழி மாறினால் காற்று மாறும், காற்று மாறினால் வாட்டம் மாறும், வாட்டம் மாறினால் மறுபடி வழி மாறும். இதற்கு ஒரு கணிதம் இன்னும் யாரும் எழுதவில்லை."

"நூலகத்தில் தேடினீர்களா?"

"இந்தத் தடவை அதைத்தான் முதலில் செய்தேன்."

பார்ட்டன் சிரித்ததை அன்றுதான் அவள் பார்த்தாள். "இங்கே தேயிலைக்கு எங்கே போவீர்கள்?" என்று கேட்டார்.

"எங்கள் ஊருக்கு."

1976 ஜூலையில் வந்து இறங்கினாள். பண்டாரவளை இருக்கும் ஊவாவில் அது காய்ந்த காற்று வீசுகிற காலம். வருடத்திலேயே மணமான தேயிலை அந்த மாதங்களில்தான் கிடைக்கும். அந்தக் காற்றில் கொழுந்து எப்படி வாடுகிறது என்று அளக்கவேண்டும் என்பது அவள் திட்டம். பண்டாரவளை ஸ்டேஷனில் எல்லாரும் நின்றார்கள். மூன்று வயது மர்லியா மட்டும் ரஹ்மத்தும்மாவின் சேலைக்குப் பின்னால் ஒளிந்துகொண்டாள்.

"உம்மா வந்திருக்கா பாரு" என்று முன்னால் தள்ளினார்கள்.

"போட்டோவில ஈக்கிற உம்மாவா?" என்று கேட்டது பிள்ளை. ஜெனீரா முழங்கால் போட்டு உட்கார்ந்து, "ஓம், அந்த உம்மாதான்" என்றாள். கையை மட்டும் நீட்டினாள். பிள்ளை வரவில்லை.

அப்புத்தளைப் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் அனுமதி கிடைத்தது. தோட்டத்தார் 'ஸ்டோர்' என்று சொல்லும் அந்தத் தொழிற்சாலையில் தேயிலைத் தயாரிப்புக்குப் பொறுப்பானவர் வீரசிங்கம். பதுளைக்காரர். டீமேக்கர் ஐயா என்றால் தோட்டம் முழுக்க ஒரு பயம். முதல் நாளே அவர் ஜெனீராவிடம் தன் குறையைச் சொன்னார்.

"மிஸ், தொட்டி வந்ததுல இருந்து ஒரே தலைவலி. ஒரு முனையில கொழுந்து பப்படமாட்டம் காயுது. அடுத்த முனையில பச்சையாவே கெடக்கு. பொம்பளைங்க பரப்புறது சரியில்லன்னு தொரை சொல்றாரு. அவங்க ஒழுங்காத்தான் பரப்புறாங்க."

ஜெனீரா கருவிகளைப் பொருத்தி அளந்தாள். விசிறிக்குப் பக்கத்தில் கொழுந்துக்குள்ளால் வரும் காற்றுக் குறைவு, தொலைவான முனையில் அதிகம் என்று கருவி சொன்னது. காய்வதும் அந்தத் தொலைவு முனைதான். விசிறிக்கு அருகில்தானே பலம் கூட இருக்கவேண்டும்? தூரப் பயணத்தில் கருவி பழுதாகிவிட்டது என்று நினைத்தாள். கண்ணால் பார்த்தால்தான் நம்பலாம் போலிருந்தது.

கடைத்தெருவில் சாம்பிராணி வாங்கினாள். கொழுந்து இல்லாத ஒரு தொட்டியாகப் பார்த்து, ஒரு சட்டியில் தணலைப் போட்டு, விசிறிக்கு முன்னால் வைத்தாள். வெள்ளைப் புகை வலைக்கு அடியில் ஓடியது. அருமையான காட்சி. விசிறிக்குப் பக்கத்தில் அது சுழன்று சுழன்று கீழேயே கிடந்தது. தொலைவு முனையில் சுவரில் முட்டி நேரே மேலே கிளம்பியது. கருவி சொன்னது உண்மைதான்!

அவள் கைதட்டாத குறை. அதற்குள் வீரசிங்கம் படியேறி ஓடி வந்தார்.

"என்னம்மா செஞ்சு வச்சிருக்கீங்க? கொழுந்துக்குப் பக்கத்துல வெங்காயம் உரிக்கவே விட மாட்டோம். சாம்பிராணியா போடுவீங்க?"

அப்போதுதான் ஜெனீரா திரும்பிப் பார்த்தாள். பக்கத்துத் தொட்டிகள் நிறையக் கொழுந்து. எந்த வாசனையையும் இழுத்து வைத்துக்கொள்ளும் இலை. பருவத்திலேயே நல்ல கொழுந்து. மாடி முழுக்கக் கோயில் மணம்.

அன்றைய தேயிலையைத் தனியாக ஒதுக்கவேண்டியதாயிற்று. ஜெனீரா நேரே தோட்டத்து மேலாளரான துரையிடம் போய், "இது என் பிழை. டீமேக்கருக்குத் தெரியாமல் செய்தேன். அவரை ஒன்றும் சொல்லாதீர்கள்" என்றாள். துரை அதைக் கேட்டுக்கொண்டார். ஆனால் இனி ஸ்டோருக்குள் கால் வைக்கக்கூடாது என்றும் சொல்லிவிட்டார்.

வீட்டில் ரஹ்மத்தும்மா நடந்ததைக் கேட்டுவிட்டு, "அந்தச் சாம்பிராணியப் பள்ளிவாசலில போட்டிருந்தா பரக்கத்தாவது கெடச்சிருக்கும்" என்றார். இத்ரூஸுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஜெனீராவும் சிரித்தாள். பிறகு அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். பருவம் முடிய இன்னும் சில வாரங்கள்தான். இதையும் விட்டால் கையில் ஒன்றும் இல்லை.

நாலைந்து நாள் கழித்து வீரசிங்கம் புடவைக்கடைக்கு வந்தார். இத்ரூஸ் அவரை வீட்டுக்குக் கூட்டி வந்தார். மனிதர் நாற்காலி நுனியில் உட்கார்ந்தார்.

"அன்னைக்கிக் கோவத்துல கத்திட்டேன். அது வேற. ஆனா ஒண்ணு கேக்காம இருக்க முடியல மிஸ். அந்தப் பொகைய நானும் பாத்தேன். கடைசிப் பக்கம் நட்டுக்குத்தலா மேல போச்சு. காத்தாடிப் பக்கம் கீழயே சுத்துச்சு. அது ஏன்?"

ஜெனீரா தரையில் சுண்ணாம்புக்கட்டியால் தொட்டியை வரைந்தாள். "காத்து வேகமா ஓடுற இடத்தில மேலே தள்ளுற அழுத்தம் குறைவு ஐயா. விசிறிப் பக்கம் அது ஓட்டத்திலயே குறியா இருக்கு, மேலே பாக்கிறதில்ல. போகப் போக வேகம் குறையும். சுவரில முட்டி நிக்கிற இடத்தில அந்த வேகமெல்லாம் அழுத்தமா மாறும். அங்கதான் மேலே கிளம்பும்."

"அப்ப பரப்புற பொம்பளைங்க மேல குத்தம் இல்ல."

"இல்ல. குத்தம் தொட்டியில."

வீரசிங்கம் நாற்காலியிலிருந்து எழுந்தார். "தொரைகிட்ட நான் பேசுறேன். ஆனா பொகை, வாசனை, எண்ணெய் ஒண்ணும் ஆகாது. கையக்கூட சோப்புப் போடாம கழுவிட்டு வாங்க" என்றார்.

புகை இல்லாமல் காற்றை எப்படிப் பார்ப்பது? ஜெனீரா யோசித்து, பழைய தலையணை ஒன்றைப் பிரித்தாள். இலவம்பஞ்சை நூலில் முடிந்து, குச்சிகளில் வரிசையாகக் கட்டினால் காற்றுப் போகிற பக்கம் அது பறந்து காட்டும். வீட்டுக்கு நடுவில் பஞ்சைக் குவித்து வைத்துக்கொண்டு முடியத் தொடங்கினாள். மர்லியா தூரத்தில் நின்று பார்த்தாள். பிறகு கிட்ட வந்தாள். ஒரு பஞ்சுத் துணுக்கை எடுத்து ஊதினாள். அது ஜெனீராவின் மூக்கில் போய் ஒட்டிக்கொண்டது. பிள்ளை விழுந்து விழுந்து சிரித்தது.

"இன்னொரு தரம் ஊதட்டா உம்மா?"

'போட்டோவில ஈக்கிற' என்ற சொல் அன்று அதில் இல்லை. ஜெனீரா முகத்தைத் திருப்பிக் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "ஊது மகள், வேணும் எண்ட மட்டும் ஊது" என்றாள். அன்றைக்கு வேலை ஒன்றும் நடக்கவில்லை.

துரை அரைமனதாக அனுமதி கொடுத்தார். பருவம் முடியும்வரை ஜெனீரா ஸ்டோரிலேயே கிடந்தாள். பஞ்சு காட்டியதை எழுதினாள், கொழுந்தைத் தராசில் நிறுத்தாள், காய்ந்த காற்று வீசிய நாட்களையும் மூடுபனி இறங்கிய நாட்களையும் தனித்தனியாகப் பிரித்தாள். கடைசி வாரங்களில் வீரசிங்கம் தச்சரை அழைத்து, ஒரு தொட்டியின் அடியில் சரிவாகப் பலகை போட வைத்தார். உள்ளே போகப் போகப் பாதை ஒடுங்கி, காற்றின் வேகம் குறையாமல் இருக்கும்படி ஜெனீரா கணக்குப் போட்டுக் கொடுத்த சரிவு. அந்தத் தொட்டியில் கொழுந்து இரண்டு முனையிலும் ஏறக்குறைய ஒரே மாதிரி வாடியது. வீரசிங்கம் இரண்டு கையிலும் ஒவ்வொரு பிடி அள்ளி, மாறி மாறி நசுக்கிப் பார்த்தார். பரப்புகிற பெண்களைக் கூப்பிட்டு, "இந்தா, நீங்களும் பாருங்க. இனிமே உங்கள யாரும் ஏசுனா என்கிட்ட சொல்லுங்க" என்றார்.

இங்கிலாந்துக்குத் திரும்பும்போது மர்லியாவையும் கூட்டிக்கொண்டுதான் போவேன் என்று ஜெனீரா பிடிவாதமாக நின்றாள். ரஹ்மத்தும்மாகூட மறுக்கவில்லை. குளிருக்குப் போட ஏதோ ஒரு மாதிரி கம்பளிச் சட்டை பின்னிக் கொடுத்தார், ஒரு கை நீளம், ஒரு கை கட்டை. பகலில் பிள்ளையைப் பாலர் பாடசாலையில் விட்டுவிட்டு ஜெனீரா கணக்கோடு மல்லுக்கட்டுவாள். சுருங்கும் இலைக்குள் ஓடும் காற்றுக்குச் சமன்பாடு லேசில் பிடிபடவில்லை. இரண்டு தடவை முழுவதையும் கிழித்துப் போட்டு முதலிலிருந்து தொடங்கினாள்.

1978இல் வாய்மொழித் தேர்வு. வெளியிலிருந்து வந்த பரீட்சகர் ஒரு வரைபடத்தில் விரலை வைத்தார். "காய்ந்த காற்று வீசிய நாட்களில் உங்கள் கணக்கும் அளவும் ஒத்துப்போகவில்லையே?"

"இல்லை. மற்ற நாட்களில் ஒத்துப்போகிறது. அந்த நாட்களில் இலை நான் நினைத்ததைவிட வேறு மாதிரி சுருங்குகிறது. ஏன் என்று எனக்கு இன்னும் தெரியாது."

"தெரியாததை ஏன் ஆய்வேட்டில் போட்டீர்கள்?"

"வேறு யாராவது கண்டுபிடிக்கட்டும் என்று."

பரீட்சகர் பார்ட்டனைப் பார்த்தார். வெளியே பத்து நிமிஷம் காத்திருக்கச் சொன்னார்கள். உள்ளே கூப்பிட்டபோது இரண்டு பேரும் எழுந்து நின்று, "கலாநிதி ஜெனீரா" என்று கை கொடுத்தார்கள். எழுத்துப் பிழைகள் சிலவற்றைத் திருத்தினால் போதும் என்றார்கள்.

பேராதனைக்குத் திரும்பியதும் விரிவுரையாளர் பதவி நிரந்தரமானது. ஆனால் அவள் மனதில் வேறொன்று இருந்தது. இந்த ஆராய்ச்சியை இங்கேயே செய்ய ஏன் முடியாது? 1980இல் துறைக் கூட்டத்தில் அதைக் கேட்டாள்.

"இங்கே கருவி எங்கே இருக்கிறது? யார் வரப்போகிறார்கள்? நல்ல மாணவர்கள் வெளிநாட்டுக்குத்தானே போவார்கள்?" என்றார் ஒரு மூத்தவர்.

"போக முடியாத நல்ல மாணவர்கள்?" என்று கேட்டாள் ஜெனீரா. "என்னை அனுப்ப ஒரு புருஷன் இருந்தார், பிள்ளையைப் பார்க்க ஒரு உம்மா இருந்தார். எல்லாருக்கும் அப்படி வாய்க்குமா? கருவியை நான் செய்து தருகிறேன்."

பல மாத இழுபறிக்குப் பிறகு ஒரே ஒரு இடம் அனுமதியானது. அறிவிப்பைப் பார்த்து வந்தவர் கணபதி. கொஸ்லந்தைப் பக்கத்தில், தோட்டத் தொழிலாளர் வசிக்கும் லயத்தில் பிறந்து, பொறியியலில் நல்ல தேர்ச்சி பெற்றவர்.

"உங்க புள்ளிக்கு வெளிநாட்டில இடம் கெடச்சிருக்குமே?" என்று ஜெனீரா கேட்டாள்.

"கெடச்சிச்சு மிஸ். பாஸ்போட் எடுக்கப் பிரஜாவுரிமை வேணும்னாங்க. இங்க பொறந்தாலும் தோட்டத்து ஆளுங்க அத விண்ணப்பிச்சுத்தான் வாங்கணும். எங்க வீட்டு விண்ணப்பம் இன்னும் முடியல. அந்தப் பல்கலைக்கழகத்துல ரெண்டு வருசம் பாத்துட்டு, இடத்த வேற ஆளுக்குக் குடுத்துட்டாங்க." அவர் முகத்தில் கோபம் இல்லை. களைப்பு இருந்தது.

"எதப் பத்திப் படிக்க விருப்பம்?"

"மழைத் தண்ணி மிஸ். எங்க மலையில வடிகாலா வெட்டுன கான் வழியா வர்ற வேகத்துல தண்ணியும் காத்தும் கலந்து, வெள்ளையா நொரைச்சுக்கிட்டு வரும். புத்தகத்துல இருக்கற கணக்கு அதுக்குச் சரி வர்றதில்ல."

ஜெனீரா அன்றே அவரைச் சேர்த்துக்கொண்டாள். ஆய்வுகூடத்துப் பின்முற்றத்தில் மரப்பலகையாலும் கண்ணாடியாலும் செங்குத்தான ஒரு கால்வாய் கட்டினார்கள். கசிந்தது, அடைத்தார்கள், மறுபடி கசிந்தது. இரண்டாவது வருடம்தான் ஒழுங்காக அளக்கவே முடிந்தது.

1983 ஜூலையில் தமிழருக்கு எதிரான கலவரம் மலைநாட்டுக்கும் பரவியது. லீவில் ஊருக்குப் போயிருந்த கணபதியிடமிருந்து தகவல் இல்லை. நிலைமை சற்று அடங்கியதும் இத்ரூஸும் ஜெனீராவும் ஒரு வேனைப் பிடித்துத் தேடிக்கொண்டு போனார்கள். ஒரு பாடசாலையில் அடைக்கலம் புகுந்தவர்களுக்கு நடுவில் அவரும் தாய் பெரியாயியும் இருந்தார்கள். லயம் எரிந்துவிட்டது. அவர் எழுதி வைத்திருந்ததில் பாதியும் போய்விட்டது.

"எல்லாரும் இந்தியாவுக்குப் போறாங்க மிஸ். நாங்களும் போயிரலாமான்னு யோசிக்கிறோம்" என்றார் கணபதி.

"அது உங்க முடிவு. நான் ஒண்டும் சொல்ல மாட்டேன்" என்றாள் ஜெனீரா. "ஆனா கால்வாய யாரும் தொடல. நீங்க வந்தா தண்ணியத் தொறந்து விடலாம். அம்மாவையும் கூட்டிக்கொண்டு வாங்க. எங்க வீட்டில இடம் ஈக்கி."

பெரியாயி மகனைப் பார்த்தார். "போகலாம்யா. இங்க ஒக்காந்து என்ன பண்ணப் போறோம்?" என்றார்.

எரிந்துபோன அளவுகளைக் கணபதி திரும்ப எடுத்தார். முதல் தடவையைவிட இரண்டாம் தடவை சுத்தமாக வந்தது என்று அவரே சொன்னார். இடையில் பிரஜாவுரிமையும் வந்து சேர்ந்தது. பாஸ்போட் எடுத்துக்கொண்டார், ஆனால் போகவில்லை. 1986இல் கலாநிதிப் பட்டம் பெற்றார். அந்த வருடம் துறை இரண்டு இடங்களுக்கு அறிவிப்புப் போட்டது. கைக்குழந்தையோடு ஒரு பெண்ணும் விண்ணப்பித்திருந்தாள். அவளை முதலில் தேர்ந்தெடுத்தார்கள்.

கணபதியின் தேர்வு முடிந்த மறுநாள் பெரியாயி முதன்முதலாக ஆய்வுகூடத்துக்கு வந்தார். மகன் கால்வாயைத் திறந்துவிட்டார். கண்ணாடிக்குப் பின்னால் தண்ணீர் வெள்ளையாக நுரைத்துக்கொண்டு இறங்கியது. பெரியாயி குனிந்து பார்த்தார், கையை விட்டுப் பார்த்தார்.

"இதத்தான் இத்தன வருசமா பாத்துக்கிட்டு இருந்தியா?"

"ஆமாம்மா."

"நல்லாத்தான் ஓடுது" என்றார் பெரியாயி, ஈரக் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டே. ஓடுகிறதை ஏன் நின்று பார்க்கணும் என்று உம்மா அன்று கேட்டது ஞாபகம் வந்து ஜெனீரா சிரித்த சிரிப்பில் பக்கத்து அறையிலிருந்து ஆட்கள் எட்டிப் பார்த்தார்கள்.